வீட்டில் கட்டிய விமானத்தின் ஸ்டால் வேகச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்' வகையில் பதிவாகும் இரண்டு இருக்கை விமானங்களைக் கட்டி முடித்து, சோதனைப் பறத்தலுக்குத் தயாராகிறவர்களுக்கான பக்கம் இது. ஸ்டால் என்பது இறக்கை தன் தூக்குவிசையைப் பெருமளவு இழக்கும் நிலை; அது நேரும் வேகம்தான் ஸ்டால் வேகம். எடுத்துக்காட்டுகளில் வான்ஸ் ஆர்வி-7 போன்ற, 1800 பவுண்டு உச்ச எடையுள்ள, தாழ்ந்த இறக்கை கொண்ட உலோக விமானத்தை மனதில் வைத்திருக்கிறோம். வேகங்கள் எல்லாம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கு.

கிட் (கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) விற்ற நிறுவனமே ஸ்டால் வேகத்தைச் சொல்லியிருக்கிறதே, நான் எதற்கு மறுபடி அளக்க வேண்டும்?

அவர்கள் சொன்னது அவர்கள் கட்டிய விமானத்தின் வேகம். உங்கள் இறக்கையின் முன்விளிம்பு வளைவு, இடது வலது ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) உட்கார்ந்த விதம், எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் பிட்டோ குழாய் நிற்கும் கோணம், சுற்றுக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளையின் வடிவம், வெறும் விமானத்தின் எடை எல்லாம் உங்கள் கொட்டகையில் உருவானவை. ஒரே கிட்டிலிருந்து வந்த இரண்டு விமானங்கள் ஸ்டாலில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்வது சாதாரணம்.

சட்டமும் அதையேதான் கேட்கிறது. விமானம் தன் வழக்கமான வேக எல்லை முழுவதிலும் கட்டுக்குள் இருக்கிறது, அபாயமான குணம் எதுவும் இல்லை என்று காட்டிய பிறகுதான் சோதனைப் பகுதியை விட்டு வெளியே போகலாம். இந்த முதல் கட்டம், சான்றிதழ் பெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. முடிவில் பதிவேட்டில் எழுதும் சான்றில், இறங்கும் அமைப்பில் (ஃபிளாப் கீழே) ஸ்டால் வேகமும், ஏற்றத்துக்கான இரண்டு வேகங்களும் (மிகச் செங்குத்தாக ஏற ஒன்று, மிக விரைவாக ஏற ஒன்று), அவற்றை எந்த எடையில், எந்த எடைமையத்தில் அளந்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். கையேட்டைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பினால், பின்னால் அந்த விமானத்தை வாங்குகிறவரும் அதை நம்பித்தான் இறங்குவார்.

ஸ்டால் என்பது வேகமா, கோணமா?

கோணம். காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம், அதாவது தாக்குகோணம், ஓர் எல்லையைத் தாண்டினால் (பெரும்பாலான சிறு விமானங்களில் 15 பாகையை ஒட்டி) மேற்பரப்பிலிருந்து காற்று பிரிந்துவிடும். எடை கூடினாலும், திருப்பத்தில் இழுத்தாலும், உயரம் மாறினாலும் அந்தக் கோணம் ஏறக்குறைய மாறாது. மாறுவது அந்தக் கோணத்தைத் தொடும் வேகம்தான். 'ஸ்டால் வேகம் 50' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எந்த எடையில், எந்த ஃபிளாப்பில், எத்தனை ஜி-யில் (புவியீர்ப்பின் எத்தனை மடங்கு சுமையில்) என்பது மீதிப் பாதி.

முதல் பறத்தலிலேயே ஸ்டால் செய்து பார்க்கலாமா?

முழு ஸ்டால் வேண்டாம். உயரத்தில் இறங்கும் அமைப்புக்கு வந்து, வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்டிக் (கட்டுப்பாட்டுத் தண்டு) தளர்வதையோ முதல் அதிர்வையோ உணர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்போது வேகமானி காட்டியதை 1.4 ஆல் பெருக்கி, அன்றைய இறக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வேகமானி தவறாகக் காட்டினாலும், அதே தவறான அளவுகோலில் எடுத்த எண் என்பதால் பெருமளவு கைகொடுக்கும். முழு ஸ்டால் சோதனைகள், எஞ்சின் சில மணி நேரம் ஓடி நம்பிக்கை வந்த பிறகு.

வேகமானி காட்டுவதை நம்பலாமா?

மெதுவான வேகத்தில் நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலையும் அடுத்ததையும் படியுங்கள்.

பிழை இரண்டு இடங்களிலிருந்து வரும். முதலாவது கருவியின் சொந்தப் பிழை. அதைத் தரையிலேயே, சில அடி நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, வண்ணம் கலந்த தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். பிட்டோ குழாய், யு குழாய், ஒரு ஊசியில்லாத சிரிஞ்சு மூன்றையும் டி இணைப்பால் சேர்த்து, சிரிஞ்சை மெல்லத் தள்ளுங்கள். இரு புறத் தண்ணீர் மட்ட வித்தியாசம் 26 மி.மீ. ஆகும்போது முள் 40-இல் நிற்க வேண்டும். 41 மி.மீ. என்றால் 50. 59.5 மி.மீ. என்றால் 60. 166 மி.மீ. என்றால் 100. அப்படியே குழாயை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ கசிகிறது. வாயால் ஊதாதீர்கள். ஸ்டாட்டிக் துளையில் உறிஞ்சவே கூடாது, ஏறுவேகமானியும் உயரமானியும் கெட்டுப்போகும்.

இரண்டாவது, காற்றை எடுக்கும் இடத்தின் பிழை. மூக்கு உயரும்போது பிட்டோ குழாய் காற்றுக்கு நேராக இராமல் சாய்ந்து நிற்கும். ஸ்டாட்டிக் துளையைச் சுற்றிய அழுத்தமும் மாறும். பெரும்பாலும் வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தொழிற்சாலை விமானங்களும் விதிவிலக்கில்லை: செஸ்னா 172என் கையேட்டில், ஃபிளாப் இல்லாமல், காட்டும் 60-க்குத் திருத்திய வேகம் (இந்தப் பிழைகளை நீக்கிய வேகம்) 62, காட்டும் 40-க்கு அது 49. வேகம் குறையக் குறையப் பொய் பெருகுகிறது.

ஆர்வி கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வான்ஸ் வரைபடத்தில் ஸ்டாட்டிக் துளை என்பது, குமிழ்த் தலையுள்ள ஒரு சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே இருக்கும் ஓட்டைதான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு, உடல் தகட்டோடு சமமாக இருக்கும் கடைசல் துண்டைப் பலர் வைக்கிறார்கள். அந்தச் சிறு குமிழ்தான் அந்த இடத்தில் அழுத்தத்தைச் சரியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் வேகமும் உயரமும் சேர்ந்தே தவறும்.

இந்தப் பிழையை ஜிபிஎஸ் வைத்து அளக்கலாம். காலையில் காற்று அமைதியாக இருக்கும்போது, 5000 அடியில், ஒரே காட்டும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசைக்கும் மூக்கை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மட்டமாகப் பறந்து தரை வேகத்தைக் குறியுங்கள். நான்கின் சராசரி உண்மைக் காற்று வேகம், அதாவது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் நகரும் வேகம். காற்று 10 நாட்டுக்குள் இருந்தால் பிழை அரை நாட்டைத் தாண்டாது. அடர்த்தி உயரம் (அன்றைய காற்றின் அடர்த்திக்கு இணையான திட்ட உயரம்) 5000 அடி என்றால் அதை 0.928 ஆல் பெருக்கினால் திருத்திய வேகம் வரும். காட்டியது 60, தரை வேகச் சராசரி 69 என்று வைத்துக்கொண்டால், திருத்திய வேகம் 64. இதை எதிர்பார்க்கும் ஸ்டாலின் 1.15 மடங்கிலிருந்து மேல்நோக்கி ஐந்தாறு வேகங்களில், ஃபிளாப் உள்ளேயும் முழுதாகக் கீழேயும் செய்து ஒரு வரைகோடு போடுங்கள். ஸ்டால் வேகத்தில் மட்டமாக ஒரு நிமிடம் பறக்க முடியாது. கோட்டைக் கீழே நீட்டித்தான் படிக்க வேண்டும்.

இறங்கும் வேகத்துக்கு ஸ்டாலின் 1.3 மடங்கு என்கிறார்களே, ஸ்டாலில் முள் நின்ற இடத்தை 1.3 ஆல் பெருக்கினால் போதாதா?

போதாது, இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 1.3 என்பது திருத்திய வேகத்துக்கான பெருக்கல். ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஸ்டாலில் முள் 44 காட்டுகிறது. உங்கள் வரைகோட்டின்படி உண்மையில், அதாவது திருத்திய வேகத்தில், அது 50. அதே கோட்டில் காட்டும் 62 என்பது உண்மையில் 65. நேராகப் பெருக்கினால் 44 × 1.3 = 57. காட்டும் 57-இல் நீங்கள் உண்மையில் பறப்பது ஏறக்குறைய 61. 61-ஐ 50 ஆல் வகுத்தால் 1.22. சரியான வழி: 50 × 1.3 = 65, அது முள்ளில் 62. வித்தியாசம் 5 நாட்.

அந்த 5 நாட்டின் விலையைத் திருப்பத்தில் பார்க்கலாம். 1.3-இன் வர்க்கம் 1.69, அதாவது 1.69 ஜி வரை இழுத்தாலும் இறக்கை ஸ்டால் ஆகாது. உயரம் இழக்காமல் திரும்பினால் அது ஏறக்குறைய 54 பாகை இறக்கைச் சரிவு. 1.22-இன் வர்க்கம் 1.49; சரிவு 48 பாகைக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் கொஞ்சம் தாண்டிப்போய், இன்னும் கொஞ்சம் சரித்து, மூக்கையும் இழுத்து, கூடவே ஒரு காற்று வீச்சு வந்தால் இந்த இடைவெளிதான் மிச்சம். 400 அடியில் அது தீர்ந்தால் மீள உயரம் இல்லை.

எந்த எடையில், எந்த எடைமையத்தில் சோதிப்பது?

முன்பக்க எடைமையத்தில், தனியாளாக, பாதிக்குச் சற்று மேல் எரிபொருளோடு தொடங்குங்கள். மூக்கு கனமாக இருந்தால் வால் அதிகமாகக் கீழே அழுத்த வேண்டியிருக்கும், அதனால் ஸ்டால் வேகம் சற்றுக் கூடும். ஆனால் மீள்வது எளிது. எடைமையம் பின்னால் போகப் போக ஸ்டால் வேகம் கொஞ்சம் குறைந்து நல்லதுபோலத் தோன்றும், ஸ்டிக் இலேசாகும், மீட்பு மந்தமாகும், ஸ்டால் ஆகிச் சுற்றிக்கொண்டே விழும் சுழலுக்குப் போவது எளிதாகும். ஆகவே பின் எல்லையை நோக்கிச் சிறு சிறு படிகளாகப் போங்கள்: மிச்சமுள்ள தூரத்தில் கால்வாசி, ஒரு பறத்தல், தரையில் தரவைப் பார்ப்பது, பிறகு அடுத்த கால்வாசி. ஸ்டிக்கை விட்டாலும் மூக்கு தானே கீழே வராத நிலை தெரிந்தால், வரைபடம் என்ன சொன்னாலும் அதற்கு முந்தைய படிதான் உங்கள் பின் எல்லை.

எடை ஏற்ற மணல் பைகளோ ஈயக்குண்டுப் பைகளோ போதும், ஆனால் கட்ட வேண்டும். 60 பவுண்டுப் பை 3 ஜி-யில் 180 பவுண்டாக இழுக்கும். ஸ்டாலில் மூக்கு விழும்போது அது மிதந்து பின்னால் உருண்டால் எடைமையமும் கூடவே போகும். இருக்கைப் பெல்ட்டைச் சும்மா மேலே போட்டது கட்டு ஆகாது.

அளந்த வேகத்தை வேறு எடைக்கு மாற்ற எடை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 1500 பவுண்டில் 48 என்றால் 1800-இல் 48 × 1.095, அதாவது 52.6. இந்தக் கணக்கு சரியாகவே வரும். ஆனாலும் உச்ச எடையில் ஒருமுறையாவது நேரில் செய்யுங்கள், ஏனென்றால் வேகத்தைக் கணிக்கலாம், நடத்தையைக் கணிக்க முடியாது.

எவ்வளவு உயரம் வேண்டும்? கூட யாரையாவது அழைத்துப் போகலாமா?

தரையிலிருந்து 6000 அடிக்குக் குறையாமல் தொடங்குங்கள், பின் எடைமையச் சோதனைகளுக்கு 8000. விமானதளத்துக்குச் சறுக்கி வரும் தூரத்துக்குள்ளேயே இருங்கள்: புது எஞ்சினில் ஐடில் சரியாக வைக்கப்படாமல், மூக்கு உயர்ந்த நிலையில் நின்றுபோவது உண்டு. ஓடும் டேங்க்கில் பாதிக்கு மேல் எரிபொருள் இருக்கட்டும், இல்லையென்றால் மூக்கு ஏறும்போது எரிபொருள் குழாய் வாயை விட்டு விலகும்.

துணைக்கு ஆள் வேண்டாம். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) வகுத்த கூடுதல் விமானி ஏற்பாட்டின்படி தகுதியுள்ளவர் வரலாம். நண்பர், மனைவி, மகன் வரக் கூடாது. குறிப்பெடுக்கக் கேமராவும் திரைக்கருவியின் பதிவும் போதும்.

பாராசூட் அணியுங்கள். அணிந்தபடியே விமானியின் கண்ணாடிக் கூண்டைத் திறந்து வெளியேறித் தரையில் பழகிப் பாருங்கள். பல கூண்டுகளில் நெம்பித் திறக்கும் பிடி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும், அது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எந்த உயரத்தில் விமானத்தைக் கைவிடுவீர்கள் என்பதையும் தரையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், உதாரணமாக 3000 அடி. சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது.

ஒரு ஸ்டாலைச் சரியாக அளப்பது எப்படி?

1. இரு பக்கமும் 90 பாகை திரும்பி, கீழேயும் சுற்றிலும் யாரும் இல்லை என்று பாருங்கள். எரிபொருள் பம்ப் ஆன். கார்பரேட்டர் என்றால் ஹீட் ஆன்.
2. எதிர்பார்க்கும் ஸ்டாலின் ஒன்றரை மடங்கு வேகத்தில் ட்ரிம் செய்து (கை எடுத்தாலும் அந்த வேகம் நிற்கும்படி சமன்செய்து) அப்படியே விடுங்கள். அதற்குக் கீழே ட்ரிம்மைத் தொடாதீர்கள்.
3. த்ராட்டில் ஐடில். புரொப்பெல்லர் அமைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.
4. ஸ்டிக்கை இழுத்து வினாடிக்கு 1 நாட் என்ற கணக்கில் வேகத்தைக் குறையுங்கள். கடைசி 10 நாட்டுக்குப் 10 வினாடி ஆக வேண்டும்.
5. சறுக்கல் காட்டியின் பந்து நடுவில், கால் மிதிகளால். இறக்கைகள் மட்டம்.
6. முதல் அதிர்வு வந்த வேகத்தை உரக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆணையில்லாமல் மூக்கு விழுந்தால், அல்லது ஸ்டிக் பின் தடையில் போய் முட்டி நின்றால், அதுவே ஸ்டால். அந்த வேகத்தையும் சொல்லுங்கள்.
7. ஸ்டிக்கைத் தளர்த்தி முன்னே விடுங்கள், பிறகு பவர். இழந்த உயரத்தைக் குறியுங்கள்.

ஒவ்வொரு அமைப்பிலும் ஐந்து முறை. ஐந்தும் 1 நாட் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் நான்காவது படியில்தான் தவறு: வேகமாக இழுத்தால் இறக்கை பிரிவதற்கு முன்பே முள் கீழே போய்விடும், ஸ்டால் வேகம் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். குறைந்த எண் பெருமையாக இருக்கும், ஆனால் அதை நம்பி இறங்க முடியாது.

உயரத்தில் அளந்த எண் தரைக்கு அருகிலும் பொருந்துமா?

முள்ளில் தெரியும் வேகம் பொருந்தும். வேகமானி அளப்பதும் எதிர்க்காற்று மோதும் அழுத்தம், இறக்கைக்கு வேண்டியதும் அதுவே. உண்மைக் காற்று வேகமும் ஓடுபாதையில் உருளும் தூரமும்தான் உயரத்தோடு கூடும்.

பவரோடு ஸ்டால்?

செய்ய வேண்டும், ஆனால் முழு பவரில் தொடங்காதீர்கள். இலேசான உடலும் பெரிய எஞ்சினும் உள்ள விமானங்களில் மூக்கு பயமுறுத்தும் அளவுக்கு மேலே போகும், எஞ்சினின் முறுக்கம் ஓர் இறக்கையைச் சட்டென்று கீழே தள்ளும். பாதி பவரில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். பிறகு 30 பாகைச் சரிவில் திருப்ப ஸ்டால்கள், இரு பக்கமும். 45 பாகையில் ஸ்டால் வேகம் 1.19 மடங்கு, 60-இல் 1.41 மடங்கு.

ஒவ்வொரு முறையும் இடது இறக்கையே விழுகிறது. ஏன்?

முதலில் பந்தைப் பாருங்கள். பாதி நேரம் காரணம் கால்தான். அடுத்து டேங்க் இரண்டிலும் எரிபொருள் சமமா? அடுத்து ஃபிளாப்: இரண்டையும் கீழே விட்டு டிஜிட்டல் லெவல் வைத்து அளந்து, அரை பாகை வித்தியாசம் இருந்தாலும் சரிசெய்யுங்கள். பிறகு இறக்கைகள் பொருத்தப்பட்ட கோணத்தை வேரிலும் நுனியிலும் அளந்து பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விழுந்தால் ஸ்டால் ஸ்ட்ரிப். ஆறு அங்குல நீள முக்கோண மரச் சட்டத்தை, பின்னால் ஸ்டால் ஆகும் இறக்கையின் முன்விளிம்பில், உடலுக்கு அருகே, பலமான டேப்பால் ஒட்டிப் பறந்து பாருங்கள். இங்கே அது வலது இறக்கை. சட்டத்தை விளிம்பில் சில மி.மீ. மேலே நகர்த்தினால் சீக்கிரம் வேலை செய்யும், கீழே நகர்த்தினால் தாமதமாக. இடம் சரியாக வந்த பிறகு அலுமினியத்தில் செய்து நிரந்தரமாக ஒட்டுங்கள், ஸ்டால் வேகங்களை முதலிலிருந்து எடுங்கள். ஓரிரண்டு நாட் கூடியிருக்கலாம்.

இறக்கை விழும்போது ஏலரானால் (இறக்கை நுனிப் பக்கத்துச் சரிப்புப் பலகை) தூக்கப் பார்க்காதீர்கள். விழும் பக்கத்து ஏலரான் கீழே இறங்கி அங்கே தாக்குகோணத்தை இன்னும் கூட்டும், விழுவது வேகமாகும். ஸ்டிக் முன்னே, எதிர்க் கால்.

ஸ்டாலுக்கு முன் எந்த அதிர்வும் இல்லையே?

சில இறக்கை வடிவங்களின் இயல்பு அது. அமெரிக்க ஆய்வு அமைப்பான நாகா வகுத்த, ஆர்வி-7 இறக்கையின் 230 வரிசை வடிவம் நல்ல தூக்குவிசை கொடுக்கும், ஆனால் முன்னறிவிப்பு கொஞ்சமே. இறக்கையில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது: கம்பளி நூலை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, வேரிலிருந்து நுனி வரை வரிசையாக, முன் முனையை மட்டும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். 70-இல் எல்லா நூலும் சீவிவிட்ட தலைமுடிபோல நேராகப் படுத்திருக்கும். 55-ஐ நெருங்கும்போது பின்விளிம்பு ஓரத்தில், உடலை ஒட்டிய நூல்கள் நடுங்கும். இன்னும் இழுத்தால் அவை எழுந்து சுழன்று முன்னோக்கித் திரும்பும், அந்தக் கலக்கம் முன்னேயும் வெளியேயும் பரவும். வேரில் தொடங்கி நுனிக்குப் போனால் நல்ல இறக்கை. நடுவிலோ, ஏலரானுக்கு முன்னாலோ தொடங்கினால் ஸ்டால் ஸ்ட்ரிப் எங்கே வேண்டும் என்பதை நூலே காட்டிவிட்டது.

தாக்குகோணமானியும் வையுங்கள். இறக்கை கேட்கும் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் கருவி அது ஒன்றுதான். ஃபிளாப் மேலேயும் கீழேயும் தனித்தனியாகச் சரிபார்த்து, திருத்திய ஸ்டாலின் 1.3 மடங்கில் ஒலி தொடங்கி ஸ்டாலை நெருங்க நெருங்கத் துரிதமாகும்படி அமையுங்கள். கண் ஓடுபாதையில் இருக்கும்போது காது வேலை செய்யும்.

சோதனையில் சுழலுக்குப் போய்விட்டால்?

பவர் ஐடில், ஏலரான் நடுவில், சுழலுக்கு எதிர் ரட்டர் (வால் சுக்கான்) முழுதாக, பிறகு ஸ்டிக் முன்னே. சுழல் நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து மெல்ல இழுத்து மீளுங்கள். ஃபிளாப் கீழே இருந்தால் உள்ளே எடுங்கள். இதை உங்கள் விமானத்தில் முதன்முதலாகச் செய்யக் கூடாது; சுழலுக்கு அனுமதிக்கப்பட்ட பயிற்சி விமானத்தில் பயிற்றுநரோடு, சோதனைக்கு முந்தைய சில வாரங்களுக்குள் பலமுறை செய்திருக்க வேண்டும்.

ஸ்டால் வேகம் தவறினால் வேறு எது தவறும்?

இழுப்பு வேக எல்லை (மனூவரிங் ஸ்பீட்). ஸ்டிக்கைக் கடுமையாக இழுத்தால் உடைவதற்கு முன் ஸ்டால் ஆகிவிடும் என்று நம்பத்தக்க உச்ச வேகம் அது: ஸ்டால் வேகத்தை, ஜி எல்லையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். ஃபிளாப் இல்லாமல் 53, எல்லை 3.8 ஜி என்றால் 103. எடை குறைந்தால் இதுவும் குறையும், இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

கனார்டு விமானங்களுக்கும் இதே முறையா?

அளவீட்டு முறை இதேதான், எல்லை வேறு. லாங்-ஈஸி போன்றவற்றில் முன்னால் உள்ள சிறு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கு தலையசைப்பதுபோல ஏறி இறங்கும். முதன்மை இறக்கை ஸ்டால் ஆகவே கூடாது. அங்கே பின் எடைமைய எல்லையை ஒரு அங்குலம்கூடத் தாண்டிச் சோதிக்காதீர்கள். பழைய கனார்டு வடிவம் மழையில் தூக்குவிசை இழக்கும் என்பதும் தெரிந்ததே.

எதை மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும்?

புரொப்பெல்லர், பிட்டோ அல்லது ஸ்டாட்டிக் துளை, ஃபிளாப் இணைப்பு, இறக்கை நுனி, சக்கரக் கவசம். பெயின்ட்டும்தான்: முன்விளிம்பில் மாஸ்க்கிங் டேப் எடுத்த இடத்தில் நிற்கும் பெயின்ட் வரம்பு, விரல் நகத்தில் தட்டுப்படும் அளவே இருந்தாலும் ஸ்டாலை மாற்றக்கூடியது. அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு, 6000 அடிக்கு ஏறி, ஐந்து ஸ்டால்களை மறுபடி எடுங்கள்.